குதிரைக்குட்டியின் பிறப்பு எடையும் முதல் ஆறு மாத வளர்ச்சியும்: டேப்பை வைத்துக் கணக்கிடும் முறை

பிறந்த குட்டிக்கு ஊசி போட வரும் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது "எத்தனை கிலோ இருக்கும்?" என்றுதான். பெரும்பாலான லாயங்களில் அதற்குக் கிடைப்பது கண் மதிப்பு. அதில் பத்துப் பதினைந்து கிலோ கூடக் குறைய இருக்கும். 500 கிலோ குதிரையில் 15 கிலோ பிசகினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. 45 கிலோ குட்டியில் அது மூன்றில் ஒரு பங்கு. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அளவு குறைந்தால் தொப்புள் வழியாக ஏறிய கிருமி மூட்டில் போய் உட்கார்ந்துவிடும். தாய் இல்லாத குட்டிக்குப் புட்டிப்பால் எவ்வளவு என்பதும் எடையை வைத்துத்தான்.

இன்னொரு பயன் அதைவிடப் பெரியது. நலமான குட்டி முதல் வாரத்தில் தினமும் எடை ஏறும். ஏறாத நாள் வந்தால், காய்ச்சலோ கழிச்சலோ கண்ணில் படுவதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். அதனால் ஒரே ஒரு நாள் துல்லியமாக எடுத்த எடையைவிட, ஒரே ஆள் ஒரே டேப்பால் ஒரே நேரத்தில் தொடர்ந்து எடுத்த சுமாரான எடைகள் மேல். கீழே உள்ள முறைகள் எல்லாம் இதை மனத்தில் வைத்துத்தான்.

தாயின் எடையிலிருந்து தொடங்குங்கள்

குட்டி பிறக்குமுன் ஒரு மதிப்பு வேண்டுமென்றால் தாயின் சாதாரண எடையில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான குட்டிகள் 9 முதல் 11 சதவீதத்துக்குள் விழும். 540 கிலோ தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) தாய்க்கு 50 முதல் 58 கிலோ வரை. 360 கிலோ மார்வாரிக்கு (ராஜஸ்தானின் நாட்டுக் குதிரை இனம்) 33 முதல் 39 கிலோ வரை. போனி என்ற குட்டையான குதிரைகளுக்கும் இதே விகிதம்தான்.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு, நிறைசினையில் எடுத்த எடையை வைத்துக் கணக்குப் போடுவது. சினைக்காலத்தில் தாய் தன் எடையில் 12 முதல் 15 சதவீதம் வரை கூடும். பதினோராம் மாதத்தில் 560 கிலோ காட்டும் குதிரை சினையில்லாதபோது 490 கிலோ இருந்திருக்கலாம். அப்போது எதிர்பார்க்க வேண்டியது 56 கிலோ அல்ல, 49 கிலோ. சினைக்கு விடுமுன் எடுத்த எடை இருந்தால் அதையே வையுங்கள்.

தாயை எடைபோட லாரி எடை மேடை உதவும். வண்டியோடு ஒருமுறை, குதிரையை இறக்கிவிட்டு ஒருமுறை. ஆனால் அவை 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும், ஆகவே குட்டிக்கு அந்த வழி வேண்டாம். மேடை பக்கத்தில் இல்லையென்றால் மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 என்று போடுங்கள். விடை கிலோவில் வரும். சுற்றளவு 172, நீளம் 150 என்றால் 374 கிலோ, குட்டி சுமார் 37. வயிற்றின் பருமன் இந்த அளவுகளில் நேரடியாகச் சேராது. அதனால் சினைக்காலத்தில் உண்மை எடையைக் குறைத்துக் காட்டும். நமக்கு வேண்டியது சினையில்லாத எடை என்பதால் இந்தக் குறை இங்கே வசதியாகவே போகிறது.

சினைக்கு விடும் ஆண்குதிரை பெரியதாக இருந்தால் குட்டி பெரிதாகப் பிறந்து தாய்க்குச் சிக்கலாகும் என்ற பயம் பல இடங்களில் உண்டு. பிறப்பு எடையை முடிவு செய்வதில் தாயின் கருப்பைக்கே பெரும் பங்கு. 1938இல் வால்டனும் ஹேமண்டும் ஷயர் என்ற பெரிய வண்டிக்குதிரையையும் ஷெட்லாண்ட் போனியையும் இருபுறமும் மாற்றிக் கலந்து பார்த்தார்கள். ஷயர் தாய்க்குப் பிறந்தவை, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்தவற்றைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்தன. பெற்றோர் கலவை ஒன்றேதான்; மாறியது வளர்ந்த இடம். குதிரையில் நஞ்சுக்கொடி கருப்பை முழுதும் பரவி ஒட்டியிருக்கும். அந்தப் பரப்பு எவ்வளவோ அவ்வளவு ஊட்டம் குட்டிக்குப் போகும். முதல் ஈற்றுக் குட்டி சிறுத்துப் பிறப்பதும் இதனால்தான். முதல் ஈற்றென்றால் 9 சதவீதத்தை எதிர்பாருங்கள். ஆண்குட்டி, பெண்குட்டி வித்தியாசம் ஒன்றிரண்டு கிலோதான்.

நாள் கணக்கையும் பாருங்கள். சராசரி சினைக்காலம் 340 நாள்; 320க்கும் 365க்கும் இடையில் ஈன்றால் இயல்பு. கருவின் எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. ஆகவே 320 நாளுக்கு முன் பிறந்த குட்டிக்கு இந்தப் பத்து சதவீதக் கணக்கு பொருந்தாது. பட்டுப்போன்ற ரோமம், மடங்கி விழும் காது, குழைந்த மூட்டு என்று தெரிந்தால் எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பிறந்த அன்று

குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் தாய்க்கு நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, விழ வேண்டும். இவை மூன்றும் முடியும்வரை தராசைக் கொண்டுவராதீர்கள். தாயும் குட்டியும் ஒன்றை ஒன்று மோந்து பழகும் நேரம் அது. முதல் ஈற்றுத் தாய் என்றால், இடையில் ஆள் புகுந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் அதை ஒதுக்கிவிடவும் கூடும். ஆனால் 24 மணி நேரத்தைத் தாண்டவும் விடக்கூடாது. 12 மணி நேரம் வாக்கில், உடல் நன்றாகக் காய்ந்து சீம்பால் வயிற்றில் இறங்கிய பின் எடுப்பதே சரி. ஈரம் காயாத ரோமத்தோடு எடுத்தால் பனிக்குட நீரையும் சேர்த்து நிறுத்ததாகும்.

அரிசி மண்டிகளில் மூட்டை நிறுக்கும் எலெக்ட்ரானிக் மேடைத் தராசு போதும். 150 அல்லது 300 கிலோ கொள்ளளவு, 100 கிராம் படி. மேடை சிறியதாக இருந்தால் மேலே ஒரு மீட்டர் சதுரப் பிளைவுட் பலகையைப் பொருத்துங்கள். அதன்மேல் ரப்பர் பாய் கட்டாயம்; வழுக்கும் பலகையில் குட்டி கால் பரப்பி விழுந்தால் தொடையிடுக்குத் தசை கிழியும்.

1. தராசை லாயத்துக்குள்ளேயே, சுவரை ஒட்டி, சமமான தரையில் வையுங்கள். வைக்கோலின் மேல் வைத்தால் எண் நிற்காது.
2. பலகையும் பாயும் மேலே இருக்க, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள்.
3. தாயை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். குட்டி தாயின் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். தாயை வெளியே கொண்டுபோனால் இரண்டும் துள்ளும்.
4. குட்டியைப் பிடிப்பவர் ஒரு கையை மார்பின் முன்னாலும் மறு கையை புட்டத்தின் பின்னாலும் அணைத்தபடி நடத்தி ஏற்ற வேண்டும். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. பிறந்தபோது விலா எலும்பு விரிசல் விட்டிருக்கலாம், வெளியில் தெரியாது. தொப்புளும் மூத்திரப்பையும் அங்கேதான். வாலைப் பிடித்து மேலே தூக்கித் தள்ளும் பழக்கமும் வேண்டாம்.
5. நின்றதும் கையை ஒரு நொடி விலக்கி எண்ணைப் படியுங்கள். கை அணைத்தபடி இருந்தால் அழுத்தத்தில் இரண்டு மூன்று கிலோ மாறும். மூன்று முறை எடுத்து நடுவில் உள்ளதைக் குறியுங்கள்.

30 கிலோவுக்கு உட்பட்ட குட்டியென்றால் ஒருவர் தூக்கிக்கொண்டு ஆள் எடை பார்க்கும் மெஷினில் ஏறி, பிறகு தன் எடையைக் கழித்துவிடலாம். அதற்கு மேல் போனால் தூக்குபவரின் முதுகுக்கும் ஆபத்து, குட்டிக்கும் ஆபத்து.

நஞ்சு விழுந்ததும் அதையும் நிறுத்து வையுங்கள். கிழியாமல் முழுதாக இருக்கிறதா என்று தரையில் விரித்துப் பார்த்துவிட்டு, வைக்கோலை உதறி, பக்கெட்டில் போட்டு நிறுக்கலாம். இயல்பான நஞ்சு குட்டியின் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம். 50 கிலோ குட்டிக்கு ஐந்தரை கிலோ. இதைத் திருப்பிப் போட்டு, நஞ்சு எடையை 0.11ஆல் வகுத்துக் குட்டியின் எடையைச் சொல்லலாம்தான். தராசுக்குக் குட்டியைக் கொண்டுவர முடியாத முரட்டுத் தாய் என்றால் அதுவும் ஒரு வழி. ஆனால் அதன் நிஜமான பயன் வேறு. குட்டி 44 கிலோ, நஞ்சு 7 கிலோ என்று வந்தால் அது 16 சதவீதம். நஞ்சு நீர் கோத்து வீங்கியிருக்கிறது, கிருமித்தொற்று இருந்திருக்கலாம். அந்தக் குட்டி துள்ளி விளையாடினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய குட்டி. நஞ்சையும் குழிதோண்டிப் புதைத்துவிடாமல் அவர் வரும்வரை மூடி வையுங்கள்.

பிறப்பு எடை கைக்கு வந்ததும் உடனே உதவும் இடம் பால் கணக்கு. தாய் இறந்தாலோ பால் சுரக்காவிட்டாலோ, சீம்பால் முதல் 6 மணி நேரத்துக்குள் ஒரு லிட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். 24 மணி நேரம் ஆனால் குடல் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதத்தை உள்ளே விடாது. 18 முதல் 24 மணி நேரத்தில் ரத்தத்தில் அந்தப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது. அதன்பின் முதல் நாளில் எடையில் 10 சதவீதம் பால், அடுத்த சில நாட்களில் படிப்படியாக 20 முதல் 25 சதவீதம். 35 கிலோ குட்டிக்கு முதல் நாள் மூன்றரை லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் வேளைக்கு 290 மில்லி. முழு அளவுக்கு வந்தபின் ஏழு லிட்டருக்கு மேல், வேளைக்கு சுமார் 600 மில்லி. இதே குட்டியை 45 கிலோ என்று தப்பாக மதித்தால் ஒரு நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் கூடப் போகும், கழிச்சல் வரும், பிறகு பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள்.

டேப்: பெரிய குதிரையின் கணக்கு குட்டிக்கு ஏன் ஆகாது

மேலே தாய்க்குப் போட்ட 11,880 கணக்கைக் குட்டிக்கும் போட்டால் எடை எப்போதும் குறைந்தே வரும். காரணம் கால்கள். அந்தக் கணக்கு உடலை ஓர் உருளையாகப் பார்க்கிறது. வளர்ந்த குதிரைக்கு அது சரி: சுற்றளவு 185, நீளம் 160 உள்ள குதிரையின் உடல் உருளை சுமார் 436 லிட்டர், நான்கு கால்களும் சேர்ந்து 27 லிட்டர் சொச்சம், அதாவது ஆறு சதவீதம். பிறந்த குட்டியோ காலில் நிற்கும் பிராணி. அதன் கால்களே மொத்தக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு.

ஆகவே குட்டிக்கு நான்கு அளவுகள் எடுங்கள்.

மார்புச் சுற்றளவு: முன்னங்கால் முழங்கைக்கு ஒரு விரல் பின்னால் தொடங்கி, மேலே கழுத்து முதுகோடு சேரும் மேட்டின் பின்சரிவு வழியாக. டேப் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்தால் கூடும். மூச்சை விட்டு முடித்த நொடியில் படியுங்கள். ரோமம் அமுங்க வேண்டும், தோல் அமுங்கக் கூடாது.

உடல் நீளம்: தோள் எலும்பின் முன்முனையிலிருந்து புட்டத்து எலும்பின் பின்முனை வரை. தலை நேராக, நான்கு காலும் சமமாக ஊன்றி நிற்கும்போது மட்டும். குட்டி ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாலே மூன்று நான்கு சென்டிமீட்டர் மாறிவிடும், இந்த அளவில்தான் அதிகப் பிசகு வரும்.

முட்டிச் சுற்றளவு: முன்னங்கால் முட்டியின் நடுவில்.

முன்னங்கால் நீளம்: முழங்கை எலும்பிலிருந்து தரை வரை.

கணக்கு இது. சுற்றளவை வர்க்கமாக்கி உடல் நீளத்தால் பெருக்குங்கள். முட்டிச் சுற்றளவை வர்க்கமாக்கி, கால் நீளத்தால் பெருக்கி, அதை நான்கால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி 12.57ஆல் வகுத்து, மறுபடி 1,000ஆல் வகுத்தால் லிட்டரில் கன அளவு கிடைக்கும். தலை, கழுத்து இதில் சேரவில்லை. அதற்கு ஈடாக 1.09ஆல் பெருக்கினால் தரோபிரெட் குட்டிகளில் உண்மை எடைக்கு நெருங்கி வரும்.

ஓர் உதாரணம்: மார்பு 83, நீளம் 70, முட்டி 22, கால் 66. முதல் பகுதி 4,82,230. இரண்டாம் பகுதி 1,27,776. கூட்டினால் 6,10,006, 12.57ஆல் வகுக்க ஏறத்தாழ 48,500, அதாவது 48.5 லிட்டர். 1.09ஆல் பெருக்க 53 கிலோ. இதே குட்டிக்குப் பெரிய குதிரையின் கணக்கு 40.6 கிலோ என்று சொல்லும். 12 கிலோ காணாமல் போகிறது.

நான்கு அளவு எடுக்க நேரமில்லை, குட்டியும் நிற்கவில்லை என்றால் மார்புச் சுற்றளவு மட்டும் போதும் என்கிற எளிய கணக்கு ஒன்று உண்டு: சுற்றளவிலிருந்து 63.7ஐக் கழித்து 2.55ஆல் பெருக்குங்கள். 83 சென்டிமீட்டருக்கு 49 கிலோ. 100 சென்டிமீட்டருக்கு 92.5 கிலோ. தரோபிரெட் அளவுள்ள குட்டிகளுக்கு, முதல் ஆறு வாரத்துக்கு இது பரவாயில்லை. இரண்டு எச்சரிக்கைகள். ஒரு சென்டிமீட்டர் தப்பாக அளந்தால் இரண்டரை கிலோ போய்விடும். குட்டி மூச்சை உள்ளே இழுத்த நேரத்தில் படித்தாலே அவ்வளவு பிசகலாம். அதோடு, சிறிய இனங்களுக்கு இது உதவாது. மார்பு 70 சென்டிமீட்டர் உள்ள சிறு குட்டிக்கு 16 கிலோ என்று வரும்; 64 சென்டிமீட்டர் உள்ள போனிக்குட்டிக்கு ஒரு கிலோகூட வராது! மார்வாரி, கத்தியவாரி, போனி எல்லாவற்றுக்கும் நான்களவு முறையே சரி. அதிலும் 1.09 என்ற பெருக்கெண் தரோபிரெட்டுக்கு ஆனது. உங்கள் லாயத்தில் நான்கைந்து குட்டிகளைத் தராசிலும் டேப்பிலும் ஒரே நாளில் பார்த்து, தராசு எடையைக் கன அளவால் வகுத்தால் உங்கள் இனத்துக்கான எண் கிடைத்துவிடும்.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. துணி டேப் ஈரம்பட்டு இழுபட்டு நீண்டுவிடும். தையல் கடையில் கிடைக்கும் ஃபைபர் டேப் நல்லது. மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலில் வைத்துச் சரிபாருங்கள். கடையில் விற்கும், நேராகக் கிலோ அச்சிட்ட குதிரை டேப்புகள் வளர்ந்த குதிரைக்கு ஆனவை. குட்டிக்கு அவற்றில் சென்டிமீட்டர் பக்கம் மட்டும்தான் பயன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு ஏற வேண்டும்

முதல் வாரம் தராசு இருந்தால் தினமும், டேப் மட்டும்தான் என்றால் முதல் நாளும் ஏழாம் நாளும். டேப்பால் தினசரி ஏற்றத்தைப் பிடிக்க முடியாது, பிசகு ஏற்றத்தைவிடப் பெரியது. பிறகு ஒரு மாதம் வரை வாரம் ஒருமுறை, மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை. காலையில் தீவனத்துக்கு முன் என்று நேரத்தை நிலையாக வையுங்கள். குட்டி பால் குடித்ததா இல்லையா என்பதை அவ்வளவு கவனிக்க வேண்டியதில்லை: மணிக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் பிராணி, ஒரு வேளைப் பால் தராசை அசைக்காது.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 2007இல் தந்த வளர்ச்சிக் கோட்டின்படி, வளர்ந்தபின் எட்டப்போகும் எடையில் இத்தனை சதவீதம் என்று வரும்: பிறப்பில் 9.7, ஒரு மாதத்தில் 16.4, இரண்டில் 22.6, மூன்றில் 28.4, நான்கில் 33.7, ஆறில் 43.2, ஒரு வயதில் 64.

360 கிலோ எட்டப்போகும் மார்வாரிக் குட்டிக்கு இதைப் பிறப்பில் 35, ஒரு மாதத்தில் 59, இரண்டில் 81, மூன்றில் 102, நான்கில் 121, ஆறில் 156 கிலோ என்று எழுதிக்கொள்ளலாம். 540 கிலோ தரோபிரெட்டுக்கு 52, 89, 122, 153, 182, 233. நல்ல பால் உள்ள தரோபிரெட் தாயின் குட்டி முதல் மாதத்தில் நாளுக்கு 1.3 முதல் 1.6 கிலோ வரை ஏறி இந்தக் கோட்டுக்கு மேலேயே ஓடும். அதைப் பார்த்துக் கொழுப்பு என்று பயப்பட வேண்டாம். மூன்றாம் மாதம் நாளுக்கு ஒரு கிலோ சொச்சம், ஆறாம் மாதம் முக்கால் கிலோ வாக்கில் இறங்கும். வேகம் குறைவது இயல்பு. எடை நிற்பதுதான் இயல்பில்லை.

தினசரி ஏற்றம் என்பது இரண்டு எடைகளின் வித்தியாசத்தை நாள் எண்ணிக்கையால் வகுப்பது. ஏழாம் நாள் 44, இருபத்தொன்றாம் நாள் 57 என்றால் 13 ÷ 14 = 0.93 கிலோ. எப்போதும் வயதை நாளில் எழுதுங்கள். இந்தியாவில் தரோபிரெட்டுகளுக்கு ஜனவரி 1தான் கணக்கில் பிறந்தநாள். ஜனவரியில் பிறந்ததையும் ஏப்ரலில் பிறந்ததையும் ஒரே ஆண்டுக் குட்டிகள் என்று பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் இளையது பாவம், ஊட்டம் பற்றவில்லை என்று அதற்குக் கொட்டித் தீர்ப்பார்கள்.

ஏறாதபோது

முதல் வாரத்தில் 24 மணி நேரம் எடை ஏறவில்லை என்றால் முதலில் குட்டியைப் பார்க்காதீர்கள், தாயின் மடியைப் பாருங்கள். மடி விம்மி, காம்பிலிருந்து பால் சொட்டி, பின்னங்காலின் உட்புறம் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தால் குட்டி குடிக்கவில்லை. குட்டியின் நெற்றியிலும் மூக்கின் மேலும் பால் காய்ந்து ரோமம் ஒட்டியிருந்தால் இன்னும் உறுதி: மடிக்கு அடியில் போய் நிற்கிறது, உறிஞ்ச வலுவில்லை, பால் தலைமேல் வடிகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது குடிப்பது போலவே தெரியும். ரத்தத்தில் பரவிய தொற்றின் முதல் அடையாளம் பலமுறை இதுதான். மறுநாள் வரை பொறுக்காதீர்கள்.

மடி தளர்ந்து வற்றியிருந்து, குட்டி காம்பை விடாமல் முட்டிக்கொண்டே இருந்தால் பால் போதவில்லை. குடித்துவிட்டுப் படுத்துத் தூங்காத குட்டி பசியில் இருக்கும் குட்டி.

மூக்கில் பால் வடிந்தால் அண்ணப் பிளவு இருக்கலாம், விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். முதல் நாளின் கரும்பச்சை லத்தி வெளிவராமல் வாலைத் தூக்கித் தூக்கி முக்கினால் குட்டி பால் குடிப்பதையும் நிறுத்திவிடும்.

ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் தாய் மீண்டும் பருவத்துக்கு வரும் சமயம் குட்டிக்கு இளகலாகப் போகும். இரண்டு மூன்று நாள் எடை அப்படியே நிற்கலாம். சுறுசுறுப்பாக இருந்து, குடித்துக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். எடை இறங்கினாலோ, சோர்ந்து படுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அது அந்தக் கழிச்சல் அல்ல.

இரண்டாம் மாதத்துக்குப் பின் ஏற்றம் தளர்ந்தால் பெரும்பாலும் பால்தான் காரணம். தாயின் சுரப்பு அதற்குமேல் இறங்குமுகம். குட்டி மட்டும் நுழையக்கூடிய தடுப்புக்குள் தீவனம் வைக்கத் தொடங்கும் காலம் இது. வயது மாதம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்பது மேல் எல்லை. மூன்று மாதக் குட்டிக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். குடற்புழு மருந்து இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கும். அதற்கும் அன்றைய எடை வேண்டும்.

ஏறிக்கொண்டே போகும்போது

எடை கூடக்கூட மகிழ்வது லாய வழக்கம். வளரும் எலும்புக்கு அது நல்லதல்ல. அதனால்தான் எடையோடு உயரத்தையும் எழுத வேண்டும். தரையிலிருந்து கழுத்தடி மேட்டின் உச்சி வரை, குறுக்குச் சட்டத்தில் நீர்மட்டம் பொருத்திய அளவுகோலால். குட்டி பிறக்கும்போதே வளர்ந்த உயரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் இருக்கும், ஆறு மாதத்தில் 83 சதவீதத்தைத் தொடும். உயரம் தன் போக்கில் போக, எடை மட்டும் வளர்ச்சிக் கோட்டைத் தாண்டி மேலே பாய்ந்தால் தானியத்தைக் குறைக்க வேண்டும். முட்டிக்கு மேலும் குளம்புக்கு மேலுள்ள கணு மூட்டிலும் எலும்பு முனை புடைத்து, தொட்டால் சூடாக இருந்தாலோ, குட்டி குளம்பின் நுனியில் நிமிர்ந்து நிற்க ஆரம்பித்தாலோ தாமதம் கூடாது.

இதில் நம் லாயங்களுக்கே உரிய ஒரு சிக்கல் கோதுமைத் தவிடு. மலிவு, குதிரைக்கும் பிடிக்கும். ஆனால் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தீவனம் முழுவதிலும் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது. வளரும் குட்டிக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கலாம். தவிட்டையும் கொள்ளையும் கலந்து கொடுத்துக் குட்டியின் எடையை ஏற்றிவிடலாம், எலும்பு அந்த எடையைத் தாங்காது. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி குதிரைக்குட்டிக்குச் சொன்னதல்ல. தவிட்டைக் குறைத்துக் குதிரைமசாலைச் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் சேர்ந்து கிடைக்கும்.

பால் மறக்கும்போது கணக்கும் மாறும்

நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தாயைப் பிரிப்பார்கள். பிரித்த முதல் வாரம் ஏற்றம் சட்டென்று தளரும், சில குட்டிகள் இறங்கவும் செய்யும். பிரிப்பதற்கு முன்பே தடுப்புத் தீவனத்துக்குப் பழகியவை சீக்கிரம் மீளும். பிரித்த வாரத்திலேயே தீவனத்தை ஏற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். தளர்ச்சிக்குப் பின் வரும் திடீர்ப் பாய்ச்சல்தான் மூட்டுக்கு ஆகாதது.

இந்த வயதில் கால்களின் பங்கு குறைந்துவிடுவதால் நான்களவு முறை வேண்டியதில்லை. சுற்றளவு × சுற்றளவு × நீளம் என்ற பழைய கணக்குக்கே திரும்பலாம், ஆனால் வகுக்கும் எண் 10,100. ஒரு வயதில் 10,900. வளர்ந்தபின் 11,880. முறையை மாற்றும் அன்று மட்டும் இரண்டு கணக்கையும் போட்டு, இரண்டு எடையையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் முறை மாறியதால் வந்த ஐந்தாறு கிலோ வித்தியாசம், பால் மறந்ததால் குட்டி இளைத்தது போலவோ ஒரே வாரத்தில் ஊதியது போலவோ தெரியும். அதைப் பார்த்து யாராவது தீவனத்தில் கை வைத்துவிடுவார்கள்.